பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தோம்

மகளுக்குத் திருமணமாகி அவள் கொழும்பில் வெள்ளவத்தையில் குடியேறிய பின்னரும், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த மகன் தெஹிவளையில் நண்பர்களுடன் தங்கி வேலைக்குப் போகத் தொடங்கிய பின்னரும், நானும் மனைவியும் அவர்களுடைய இருப்பிடங்களை இந்த வைகாசி வரை பார்த்ததில்லை. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் வியப்படையக்கூடும். இரவு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் விடியும் வேளையில் வெள்ளவத்தையில் இறங்கிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் என் தாயார் நெடுங்காலம் படுக்கையில் இருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு அகல முடியாத நிலையில், தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் தேருக்கும் பிள்ளைகளே வந்து போனார்கள். வருவது அவர்கள், வரவேற்பது நாங்கள் என்று ஒரு வழமை தானாகவே ஏற்பட்டுவிட்டது. அம்மா காலமாகி ஆட்டைத் திவசமும் முடிந்த மறுவாரம் மகள் தொலைபேசியில், "இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள் அப்பா?" என்று கேட்டாள்.

உண்மையில் எனக்கு இன்னொரு சாட்டும் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. என் வயதையொத்த யாழ்ப்பாணத்தார் பலருக்குக் கொழும்பு என்பது அலுவல் முடிந்த உடனே திரும்பிவிட வேண்டிய ஊர். என் தமையனார் அங்கே எழுதுவினைஞராக இருந்து, 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். 2006 ஆகஸ்டில் முகமாலையில் தரைவழிப் பாதை மூடப்பட்ட பின்னர், கொழும்புக்குப் போவதென்றால் பாதுகாப்பு அனுமதி பெற்று, திருகோணமலைக்குக் கப்பலிலோ பலாலியிலிருந்து விமானத்திலோ போகவேண்டியிருந்தது. 2007 யூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள்; உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது பயிற்சிக் கருத்தரங்குகளுக்கும், பிறகு கடவுச்சீட்டு எடுப்பதற்கும் கொழும்புக்குப் போயிருக்கிறேன்; ஒவ்வொரு முறையும் திரும்பும் பஸ்ஸுக்கு இடம் பதிந்துவிட்டுத்தான் புறப்பட்டேன். அந்த ஊரில் ஒரு வீட்டில் தங்கி, காலையில் எழுந்து சாவகாசமாகத் தேநீர் குடித்ததில்லை. மகள் 1993 இல் பிறந்தவள். 1995 இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தை என் தோளில் இருந்து கடந்தவள். அவளுடைய கொழும்பு வேறு என்பது எனக்குப் புரிந்திருந்தது. ஆயினும் புரிவதும் காலடி எடுத்து வைப்பதும் ஒன்றல்ல.

யாழ்தேவியில்தான் போகவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். 1956 இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் 1990 இல் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் ரயில் வந்தபோது என் மகளுக்கு இருபத்தொரு வயது. இலங்கையில் ரயில் பாதைகள் போடப்பட்ட வரலாற்றை, ஒரு ரயிலையும் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கு நான் ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்து கற்பித்திருக்கிறேன். ஆகவே பிள்ளைகளைப் பார்க்கப் போகும் முதற்பயணம் பஸ்ஸில், இருட்டில், தூக்கத்தில் கழிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். மனைவிக்கு இந்த நியாயம் எடுபடவில்லை. ரயிலில் கூடுதலாகப் பொதி கொண்டுபோகலாம் என்பதே அவர் சம்மதித்ததற்குக் காரணம்.

பொதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், புழுக்கொடியல், ஒடியல் மா, பனாட்டு, வேப்பம்பூ வடகம், மோர் மிளகாய், ஒரு போத்தல் நல்லெண்ணெய், பழைய வேட்டித் துண்டில் சுற்றிய முருங்கைக்காய், வைக்கோலுக்குள் அடுக்கிய கறுத்தக்கொழும்பான் மாம்பழங்கள். மாம்பழத்தின் பெயரிலேயே கொழும்பு இருக்கிறதே, அதைக் கொழும்புக்கே கொண்டுபோவானேன் என்று நான் பகிடியாகச் சொன்னதை மனைவி காதில் விழுத்தவில்லை. மகள் தொலைபேசியில், "அம்மா, வெள்ளவத்தைச் சந்தையில எல்லாம் இருக்கு, ஒண்டும் தூக்கிக்கொண்டு வராதேங்கோ" என்று மன்றாடினாள். அவள் சொன்னது முழு உண்மை என்பதைப் பிறகு நேரில் கண்டேன்: காலி வீதியின் ஓரத்துக் கடைகளில் ஒடியலும் பனங்கிழங்கும் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் எங்கள் திருநெல்வேலிச் சந்தையில் இருப்பது போலவே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இருந்தாலும் மனைவியின் வாதத்துக்கு என்னிடம் விடையில்லை: "கடையில கிடைக்கிறது வேறை, வீட்டில இடிச்சது வேறை."

ஆனையிறவு உப்பளமும் வன்னிக் காடும் மதவாச்சிக்கு அப்பாலான வயல்வெளியும் கடந்து கோட்டை நிலையத்தில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஊரில் சோளகக் காற்று செம்மண் புழுதியை வாரி முகத்தில் இறைக்கும் மாதத்தில், இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் மட்டுமே மழையை எதிர்பார்த்துப் பழகிய எங்களுக்கு வைகாசியில் குடை பிடிப்பது விசித்திரமாக இருந்தது. தங்கியிருந்த நாள்களில் தோய்த்துப் போட்ட என் வேட்டி ஒன்றுகூட ஒழுங்காகக் காயவில்லை. மருமகன் மின்விசிறிக்குக் கீழே கதிரையில் விரித்துக் காயவைத்துத் தந்தார்.

மகளின் வீடு கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றின் ஏழாம் தளத்தில் இருக்கிறது. பல்கணியில் நின்றால் கீழே மரீன் டிரைவ் வீதி, அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். கரையோர ரயில்கள் அலைத் துளி படும் அளவுக்கு அருகாகவே ஓடுகின்றன. இரண்டு அறை, ஒரு கூடம், சமையலுக்கு ஒரு சிறு இடம். வாடகை எவ்வளவு என்று மகளிடம் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள். மருமகன் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அது என் ஓய்வூதியத்தை விட அதிகம். யாழ்ப்பாணத்தில் பெண்ணைப் பெற்றவர்களிடம் "வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு" என்று சீதனம் கேட்கும் வழக்கம் இருப்பது பலரும் அறிந்ததே. அப்படிக் கேட்காத குடும்பத்தில் மகளைக் கொடுத்தது குறித்து எனக்கு எப்போதும் ஒரு திருப்தி உண்டு. வாடகைத் தொகையைக் கேட்ட பின்னர் அந்தத் திருப்தி மருமகன் மீதான மரியாதையாக மாறியது.

அந்த வீட்டில் முதலில் என்னைக் கவர்ந்தது தண்ணீர். எங்கள் ஊர்க் கிணறுகள் சுண்ணாம்புப் பாறைக்குள் தோண்டப்பட்டவை. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படை படியாத வீடு எங்கள் ஊரில் இல்லை. கொழும்பின் குழாய்களில் வருவது களனி கங்கையும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களும் தரும் நீர். அதே தேயிலை, அதே அளவு சீனி, ஆனால் தேநீர் பொன்னிறமாகவும் தெளிவாகவும் இருந்தது. மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரைத் தாழ்த்த மனமில்லாமல், தேயிலை நல்லது போலும் என்றார்.

பொதிகளை அவிழ்த்த கையோடு மனைவி மகளின் சமையல் தட்டுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். தூள் போத்தல்கள் அடுப்புக்கு வலப்புறம் வந்தன, பருப்பு வகைகள் மேல்தட்டுக்கு ஏறின. மறுநாள் காலை அவை எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன. மகள் ஒன்றும் சொல்லவில்லை, தாயும் ஒன்றும் கேட்கவில்லை. என் தாயார் உயிரோடிருந்த காலத்தில் எங்கள் அடுக்களையில் உப்புப் பானை எந்த மூலையில் இருக்கவேண்டும் என்பது பற்றி மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் ஆண்டுக்கணக்காக நடந்த பேசாப் போரைப் பார்த்தவன் நான். இம்முறை அது ஓர் இரவில் முடிந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் இரவுச் சமையலில் வந்தது. வேலைநாள்களில் இரவுச் சமையல் மருமகனின் பொறுப்பு. அவர் வடமராட்சிக்காரர், மீன் குழம்பு வைப்பதில் என் மனைவிக்குச் சற்றும் குறைந்தவரல்லர் என்பதை நான் இங்கே எழுதலாம், வீட்டில் சொல்ல முடியாது. மருமகன் அகப்பையும் கையுமாக நிற்க, மாமியார் கதிரையில் இருப்பது என்பது என் மனைவி வளர்ந்த உலகத்தில் நடக்காத காரியம். அவர் எழுந்து எழுந்து போவதும், "மாமி, நீங்கள் இருங்கோ" என்று மருமகன் திருப்பி அனுப்புவதுமாக முதல் நாள் இரவு கழிந்தது. ஈற்றில் தேங்காய் துருவும் வேலையை மட்டும் மாமியாருக்கு விட்டுக்கொடுத்து அவர் சமாதானம் செய்துகொண்டார்.

இந்தப் பயணத்தில் நான் அறிந்துகொண்டவற்றுள் என்னை மிகவும் பாதித்தது ஒரு சிறு செய்தி. மகள் ஊருக்கு எப்போதும் இரவு எட்டு மணிக்கு முன்பின்னாகத் தொலைபேசி எடுப்பாள். "சாப்பிட்டியா பிள்ளை?" என்று நான் கேட்பேன். "ஓம் அப்பா, சாப்பிட்டன்" என்பாள். ஆண்டுக்கணக்காக இதுவே எங்கள் உரையாடலின் முதல் வரி. அவள் வீட்டில் தங்கியபோதுதான், எட்டு மணிக்கு அவள் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பதில்லை என்பது தெரிந்தது. கணக்காய்வு வேலை, மாத இறுதியிலும் நிதியாண்டு முடிவிலும் அலுவலகத்தை விட்டுப் புறப்படவே ஏழரை ஆகிவிடுகிறது. காலி வீதியின் நெரிசலில் 100 அல்லது 101 ஆம் இலக்க பஸ் ஒன்றுக்குள் நின்றபடியே எங்களுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். நாங்கள் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவோம் என்பதற்காக அந்த நேரம். நாங்கள் கவலைப்படாமல் படுக்கவேண்டும் என்பதற்காக அந்த "சாப்பிட்டன்". உண்மையில் அவர்கள் இருவரும் சாப்பிட உட்காரும்போது ஒன்பதரை.

இதைப் பற்றி நான் அவளிடம் எதுவும் பேசவில்லை. பேசியிருந்தால் அவளும் சில கேள்விகளைக் கேட்டிருக்கலாம். அம்மாவை ஆஸ்பத்திரியில் அனுமதித்திருந்த நாள்களில், பிள்ளைகள் லீவு போட்டுக்கொண்டு ஓடி வரக்கூடாது என்பதற்காக, விடுதி வாசலில் நின்றுகொண்டு "எல்லாரும் சுகமாயிருக்கிறம்" என்று நான் சொல்லியிருக்கிறேன். தொலைபேசி இரண்டு பக்கத்துக்கும் வசதியாகவே இருந்து வந்திருக்கிறது. ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கினால்தான் மற்றவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எந்தக் காலில் நோவு, எந்த மருந்துப் போத்தல் மேசையில் இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். பெற்றோரின் வீட்டுக்கு விடுமுறையில் வரும் பிள்ளை உறங்கிப் போகும் பிள்ளை. அவளைப் பார்த்து அவளுடைய வாழ்க்கையைக் கணிக்க முடியாது.

மகனின் இருப்பிடம் வேறு விதமானது. தெஹிவளையில் ஓர் ஒழுங்கைக்குள், வயதான சிங்களப் பெண்மணி ஒருவரின் வீட்டை ஒட்டிய அனெக்ஸ். மூன்று இளைஞர்கள், மூன்று மெத்தைகள், மூன்று மடிகணினிகள், ஒரே ஒரு சட்டி. குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களும் பாதி வெட்டிய தேசிக்காயும் இருந்தன. மதியம் சோற்றுப் பார்சல், இரவு கொத்து. மனைவி சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் தரையைக் கூட்டத் தொடங்க, மற்ற இரண்டு பிள்ளைகளும் "அன்ரி, விடுங்கோ" என்று வெட்கத்தோடு தும்புத்தடியைப் பறித்தார்கள்.

அங்கே நான் கவனித்தது வேறொன்று. வீட்டுக்காரப் பெண்மணி வெளியே வந்து எங்களை வரவேற்றார். அவருக்குத் தமிழ் தெரியாது; எனக்குச் சிங்களத்தில் எண்களும் நன்றி சொல்வதும் மட்டும் தெரியும். மகன் நடுவில் நின்று, அவரோடு சரளமாகச் சிங்களத்தில் பேசி, ஏதோ ஒன்றுக்கு இருவரும் சேர்ந்து சிரித்து, பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னான். வீதியில் ஓட்டோக்காரரோடு, கடையில் காசாளரோடு, பஸ் நடத்துநரோடு, எல்லாரோடும் அப்படியே. வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை சொல்லும் பிள்ளை, இன்னொரு மொழியில் இவ்வளவு பேச்சுக்காரன் என்பது எனக்குத் தெரியாது. நான் அவனுக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றேன். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியகடைக்குப் போன காலத்தில் அவன் என் பின்னால் அப்படித்தான் நின்றிருப்பான்.

நாங்கள் போன காலத்தில் வெசாக் வந்ததும் ஒரு வாய்ப்பாயிற்று. விடுமுறையில் பிள்ளைகள் இருவரையும் ஒன்றாகப் பிடிக்க முடிந்தது. எங்களுக்கு வைகாசி விசாகம், முருகனுக்கு உகந்த நாள். அவர்களுக்குப் புத்தர் பிறந்து, ஞானம் பெற்று, பரிநிர்வாணம் அடைந்த பௌர்ணமி. ஒழுங்கை முழுவதும் கடதாசிக் கூடுகள் தொங்கின. சந்திக்குச் சந்தி, வருவோர்க்கெல்லாம் இலவசமாக உணவு வழங்கும் தன்சல் பந்தல்கள். ஒன்றில் சோறு, ஒன்றில் கடலை, ஒன்றில் ஐஸ்கிறீம். வரிசையில் நின்று வாங்குவதற்கு மனைவிக்குக் கூச்சம். தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடிப்பதற்குக் கூச்சப்படுவீரா என்று கேட்டபின் வந்து நின்றார். அனெக்ஸ்காரப் பெண்மணி அன்று எங்களுக்குப் பாற்சோறு கொடுத்தனுப்பினார். மனைவி பதிலுக்கு இரண்டு கறுத்தக்கொழும்பானைக் கொடுத்தார். மாம்பழப் பொதிக்கு எதிராக நான் சொன்ன எல்லாவற்றையும் அந்த இடத்தில் கைவிட்டேன்.

காலிமுகத்திடலும் தாமரைக் கோபுரமும் எல்லாரும் பார்ப்பவை, நாங்களும் பார்த்தோம். 350 மீற்றருக்கு மேல் உயரமான அந்தக் கோபுரத்தின் உச்சியில் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பதைத் தவிர எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நான் கேட்டுப் போன இடங்கள் இரண்டு. ஒன்று கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தையார் கட்டிய கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் மீளக் கட்டினார். அவரே 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கான கல்லூரியையும் நிறுவினார். என் மகள் படித்தது அந்த இராமநாதன் கல்லூரியில்தான். கல்தூண்களுக்கு நடுவே நடந்தபோது, பாடசாலை நிறுவுநர் நாளில் பாடிய பாடல்கள் நினைவுக்கு வருகின்றன என்று சொல்லி, மருமகனுக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டினாள். அவ்வளவு அருகில் இருந்தும் அவர்கள் அங்கே முன்பு வந்ததில்லையாம்.

மற்றது கொழும்பு தேசிய நூதனசாலை. அங்கே காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ காலத்தில், 1409 ஆம் ஆண்டைக் குறித்து, சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்கரைத் தேவேந்திரமுனைக் கோயிலின் கடவுளான தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும் போற்றிக் காணிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. அதைப் பற்றி வகுப்பறையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கல்லை அன்றுதான் கண்டேன். எழுத்துகள் பெரிதும் தேய்ந்திருக்கின்றன. அந்த நகரில் இறங்கிய கணம் முதல் எந்தப் பஸ், எந்த வாசல், எந்த நிறுத்தம் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே இருந்த நான், அந்தக் கல்லின் முன்னால் மட்டும் கேட்கப்படுபவனாக இருந்தேன். மகன் கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஏன் மூன்று மொழி, ஏன் காலி என்று கேள்விமேல் கேள்வி கேட்டான். அவன் பிள்ளையாக இருந்தபோது என் பாடத்தில் இவ்வளவு அக்கறை காட்டியதாக நினைவில்லை.

பணம் செலவழிக்க எங்களை விடவேயில்லை என்பது மட்டும் குறையாக இருந்தது. ஓட்டோவுக்குக் கைபேசியிலேயே கணக்குத் தீர்ந்துவிடுகிறது. நான் சட்டைப்பையில் கைவைக்கும் முன் உணவகத்தில் பில் போய்விடுகிறது. நாங்கள் வீட்டுக்கு வருபவரை ஒரு சதமும் செலவழிக்கவிடாமல் வளர்த்த பிள்ளைகள்தானே, வேறெப்படி நடப்பார்கள் என்று மனைவி சொன்னார். திரும்பும்போது பொதிகளின் எண்ணிக்கை குறையவில்லை. ஒடியல் போன பையில் துணிகளும் பிஸ்கற்றும் என் முழங்கால் நோவுக்கு ஒரு மின்வெப்பப் பட்டியும் வந்தன. முழங்கால் நோவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. மாடிப்படியில் நான் இறங்கியதைப் பார்த்து மகள் தானே கண்டுபிடித்திருக்கிறாள்.

இப்போது மகள் ஒன்பதரைக்குத்தான் தொலைபேசி எடுக்கிறாள். அதற்காக நாங்கள் விழித்திருக்கிறோம். நல்லூர்த் திருவிழா முடிந்தபின் மறுபடி போவதென்று பேச்சு நடக்கிறது. இம்முறை தெஹிவளை அனெக்ஸிலும் இரண்டு நாள் தங்கி, அந்தப் பிள்ளைகள் மூவருக்கும் சமைத்துப் போடவேண்டும் என்று மனைவி நிற்கிறார். இன்னொரு மெத்தை விரிக்க இடமில்லை, ஒரு சட்டியில் எப்படிச் சமைப்பீர்கள் என்று மகன் கேட்கிறான். சட்டிகளை ரயிலில் கொண்டுவரலாம் என்பது அவருடைய பதில். பேச்சு இன்னும் முடியவில்லை.